கோழிக் காலில் வெள்ளைப் பொருக்கா? முதுமை என்று விட்டுவிடாதீர்கள்

வீட்டுக் கோழியின் கால் சொரசொரப்பாகி, செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: “கிழட்டுக் கோழி, அப்படித்தான் இருக்கும்.” கூண்டுப் பறவையின் அலகோரம் பொருக்குத் தட்டினால், “தீனி ஒட்டியிருக்கும்” என்று விட்டுவிடுவார்கள். பல நேரங்களில் இரண்டுமே ஒரே இனத்தைச் சேர்ந்த நுண்ணிய உயிரிகளின் வேலை. கால்நடை மருத்துவர்கள் இதனைச் செதில்கால் நோய் என்கிறார்கள். கிளினிக்கில் ‘ஸ்கேலி லெக் மைட்’ என்று சொன்னால் உடனே புரியும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பறவை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தோட்டத்து லயங்களின் பின்புறம் கோழி வளர்த்த பழக்கத்தை, கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தாமான்களுக்குக் குடிவந்த பிறகும் பலர் விடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் கோழிக்கு இடமில்லை என்றாலும், பால்கனியில் ஒரு கூண்டும் அதில் ஒரு ஜோடிப் பறவையும் இருக்கும். கிளி ஜோசியர்களின் பச்சைக்கிளியும் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பழகிய காட்சிதான்.

இவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது: செதில்கால் நோய் மெதுவாக வரும், உரிய சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். ஆனால், கவனிக்காமல் விட்டால் பறவை விரலை இழக்கும். அவசரப்பட்டுக் கையில் கிடைத்த மருந்தை ஊற்றினால் உயிரையே இழக்கலாம்.

நோய்க்குக் காரணம் என்ன?

இதற்குக் காரணம் ‘மைட்’ எனப்படும் சிற்றுண்ணி. பேச்சுவழக்கில் பூச்சி என்றாலும், எட்டுக் கால் கொண்ட இது சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. கோழியின் காலைத் தாக்கும் வகைக்கு ‘நெமிடோகாப்டெஸ் மியூட்டன்ஸ்’ என்று பெயர். கீழ்க்காலையும் வெட்டுவதையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் இது. உருண்டையான உடலும் குட்டையான கால்களும் கொண்ட பெண் சிற்றுண்ணி அரை மில்லிமீட்டருக்கு மேல் வளராது. தோலுக்குள் ஒளிந்திருப்பதால் வெறும் கண்ணுக்கு அகப்படாது.

மனிதர்களுக்குச் சிரங்கு உண்டாக்கும் சிற்றுண்ணியைப் போலவே இதுவும் தோலுக்குள் வளை தோண்டி வாழ்கிறது. காலில் உள்ள செதில்களுக்கு அடியில் புகுந்து, அங்கேயே தின்று, அங்கேயே இனம் பெருக்குகிறது. இதன் வாழ்க்கைச் சுற்று முழுவதும் பறவையின் தோலுக்குள்ளேயே நடக்கிறது. அந்த அரிப்பினால் தோல் தடித்து, நீர் கசிந்து, கசிந்தது காய்ந்து பொருக்காகிறது. பொருக்கு உள்ளிருந்து தள்ளத் தள்ளச் செதில்கள் மேலே தூக்கிக்கொள்கின்றன. வெளியே தெரியும் வெள்ளைப் படலம் இதுதான்.

கோழியைத் தாக்கும் வகையை 1859-ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் விவரித்துவிட்டனர். கூண்டுப் பறவைகளைத் தாக்கும் ‘நெமிடோகாப்டெஸ் பைலே’ என்ற வகை வெகுகாலம் கழித்து, 1951-இல்தான் தனி இனமாக அடையாளம் காணப்பட்டது. பிரிட்டனில் ஒரு பட்ஜியின் காலிலிருந்து எடுத்ததைக் கொண்டு லவ்வாப்பியேர், கிரிஃபித்ஸ் ஆகிய இருவர் அதனை விவரித்தனர்.

கோழியில் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் வயதான கோழிகளில்தான் இது அதிகம் காணப்படுகிறது. முதுமையின் மேல் பழி விழுவதற்கு அதுவே காரணம். ஆனால், வயதான கோழிக்குக் கால் செதில் சற்றுத் தடிப்பது வேறு, செதில் தூக்கிக்கொண்டு அடியில் மாவுபோல் பொருக்கு உதிர்வது வேறு.

நோய் பொதுவாக விரல்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறும். முதலில் ஓரிரண்டு செதில்கள் மட்டும் படியாமல் நிற்கும். பிறகு கால் முழுவதும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொருக்குக் கட்டும். கோழி அடிக்கடி தன் காலைக் கொத்தும், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இரவில் உயரமான கட்டையில் ஏறத் தயங்கும். முற்றிய நிலையில் நொண்டும், மூட்டு விறைக்கும், இரத்த ஓட்டம் தடைபட்டு நகமும் விரலும் உதிர்ந்துபோகும். நடக்க வலிக்கும் கோழி சரியாகத் தீனி தேடாது. அதனால் எடை குறையும், முட்டையும் குறையும். சில சமயம் கொண்டையிலும் தாடியிலும்கூட இது பரவும்.

காலில் இறகுள்ள இனங்களை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மலாயில் ‘ஆயாம் சுத்திரா’ எனப்படும் பட்டுக்கோழி, பிரம்மா, கொச்சின் ஆகிய இனங்களில் பொருக்கு இறகுக்குள் மறைந்துகொள்ளும். இறகை விலக்கிப் பார்த்தால் ஒழிய நோய் முற்றும்வரை தெரியாது.

கூண்டுப் பறவையில் எப்படித் தெரியும்?

பலர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைப்பது உண்மையில் பட்ஜி என்னும் சிறிய ஆஸ்திரேலியக் கிளி. இந்த நோய் அதிகம் பிடிப்பது பட்ஜியைத்தான். மற்றக் கிளி வகைகளுக்கும் வரலாம். கிளிகளில் இது காலை விட முகத்தையே முதலில் தாக்கும் என்பதால் ‘ஸ்கேலி ஃபேஸ்’ என்றும் சொல்வார்கள்.

அலகின் ஓரத்திலும் மூக்குத் துளைக்கு மேலுள்ள மெத்தென்ற பகுதியிலும் சாம்பல் கலந்த வெள்ளைப் பொருக்கு படரும். கூர்ந்து பார்த்தால் அதில் தேன்கூடுபோல் சிறுசிறு துளைகள் தெரியும். அவை சிற்றுண்ணி தோண்டிய வளைகள். கண்ணைச் சுற்றியும், காலிலும், எச்சம் கழிக்கும் இடத்தைச் சுற்றியும் பரவலாம். அலகு வளரும் அடிப்பகுதி பாதிக்கப்பட்டால் அலகு கோணலாகவோ அளவுக்கு மீறி நீளமாகவோ வளரும். அந்த நிலைக்கு வந்த பறவையால் தினையைக்கூட உடைத்துத் தின்ன முடியாது. நோய் தீர்ந்தாலும் சில பறவைகளின் அலகு பழையபடி நேராகாது. ஆயுள் முழுக்க அவ்வப்போது மருத்துவரிடம் கொண்டுபோய் வெட்டிவிட வேண்டியிருக்கும்.

கேனரி போன்ற சிறு பாடும் பறவைகளில் பொருக்கு காலிலும் விரலிலும் குஞ்சம் தொங்குவதுபோல் நீண்டு வளர்வதுண்டு. காட்டுப் பறவைகளும் தப்புவதில்லை. 1990-களில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், வலசை வந்த ராபின் பறவைகளிடையே இந்தக் கால் நோய் கூட்டமாகப் பரவியது பதிவாகியிருக்கிறது.

எப்படிப் பரவுகிறது?

ஒரு பறவையின் உடல் இன்னொன்றின் உடலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும்போதுதான் இது பெரும்பாலும் பரவுகிறது. ஒரே கட்டையில் நெருக்கியடித்துத் தூங்கும் கோழிகள், தாயின் சிறகுக்குள் இருக்கும் குஞ்சுகள், கூட்டில் ஊட்டப்படும் பட்ஜிக் குஞ்சுகள் ஆகியவைதான் எளிதில் தொற்றுக்கு ஆளாகும். பறவையை விட்டுத் தனியே இந்தச் சிற்றுண்ணி நெடுநாள் தாக்குப்பிடிக்காது. ஆனாலும் உதிர்ந்த பொருக்கில் அது இருக்கும் என்பதால் கட்டையையும் கூண்டையும் மறந்துவிடக் கூடாது.

பட்ஜியில் ஒரு வினோதம் உண்டு. குஞ்சுப் பருவத்தில் தொற்றிய சிற்றுண்ணி பல மாதங்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். இடம் மாறுதல், துணை இறந்துபோதல், சத்துக்குறைவு, வேறு நோய் என்று பறவை தளரும்போது அது தலைதூக்கும். தனியாகவே வளரும் பட்ஜிக்கு எங்கிருந்து வந்தது என்று பலர் குழம்புவதற்கு விடை இதுதான். ஒரே கூண்டில் ஒன்றுக்குப் பொருக்கு வந்து மற்றது சுத்தமாக இருப்பதும் இதனால்தான். சுத்தமாகத் தெரியும் பறவையிலும் சிற்றுண்ணி இருக்கக்கூடும்.

எல்லாப் பொருக்கும் இதுவல்ல

வீட்டிலேயே முடிவு கட்டுவதற்கு முன் இதே சாயல் உள்ள வேறு சிக்கல்களையும் அறிந்திருப்பது நல்லது.

கோழி அம்மை: கொண்டை, கண்ணோரம், முகம் ஆகிய இடங்களில் கரும்பழுப்பு நிறப் புண்ணும் காய்ந்த பக்கும் தோன்றும். கொசுவாலும் பரவும் வைரஸ் நோய் இது. தடுப்பூசி உண்டு.

பாத வீக்கம்: பாதத்தின் அடியில் வீக்கமும் நடுவில் கறுத்த பக்கும் இருக்கும். கடினமான தரை, காயம், கிருமி ஆகியவற்றால் வருவது. இதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு.

வைட்டமின் ஏ குறைவு: வெறும் தானியம் மட்டுமே தின்னும் கூண்டுப் பறவைகளின் தோலும் காலும் தடித்துச் செதில் உரியும்.

பெண் பட்ஜியின் மூக்குப் பகுதி பழுப்பாவது: இனப்பெருக்கப் பருவத்தில் ஹார்மோன் காரணமாகத் தடித்துப் பழுப்பாகும். துளைகள் இருக்காது, அலகோரத்தில் படராது. இது பெரும்பாலும் இயல்பானதே.

ஐயத்தைத் தீர்க்க மருத்துவர் பொருக்கைச் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை இது.

செய்யக் கூடாதவை

பொருக்கைப் பிய்க்கக் கூடாது. அடியில் இருப்பது புண்ணான தோல். பிய்த்தால் இரத்தம் வரும், கிருமி புகும், மற்றக் கோழிகள் அந்த இரத்தத்தைப் பார்த்துக் கொத்தத் தொடங்கும்.

மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றில் காலை முக்குவது பழைய பழக்கம். சிற்றுண்ணி சாவது உண்மைதான் என்றாலும் தோல் வெந்துபோகும். பறவை தன் அலகால் காலைக் கோதும்போது அந்த எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். பட்ஜி போன்ற சிறு பறவைக்கு அதன் நெடியே ஆபத்து.

நாய்க்கும் பூனைக்கும் தெள்ளுப்பூச்சிக்காக வாங்கிய சொட்டு மருந்து, வீட்டுப் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரே ஆகியவற்றைப் பறவை மேல் பயன்படுத்தக் கூடாது. முட்டையிடும் கோழியில் இதன் விளைவு சாப்பாட்டு மேசை வரை வரும்.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் பொருக்கை இளக்க உதவலாம். ஆனால், அவற்றை மட்டும் நம்பி, நொண்டும் நிலைக்கு வந்த பறவையை வாரக்கணக்கில் வைத்திருப்பது சரியல்ல. இறகில் எண்ணெய் படிந்தால் பறவையால் உடல் சூட்டைக் காக்க முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கோழிக்கு வீட்டில் செய்யக்கூடியது

தொடக்க நிலையில் உள்ள கோழிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய முறை ஒன்று உண்டு. மாலையில், கோழி அடையும் நேரத்தில் செய்தால் அது அதிகம் மிரளாது.

முதலில் கோழியை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சு விட முடியும்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கால்களைப் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். ஊறிய பிறகு மென்மையான பழைய பல்துலக்கியால் செதில் படியும் திசையில், மேலிருந்து கீழாக, மெல்லத் தேய்க்கலாம். தானாக வருவது வந்தால் போதும். வராததை விட்டுவிட வேண்டும். பின்னர் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்தி, வாஸ்லின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியைச் செதில்களின் இடுக்கிலும் புகும்படி தடவ வேண்டும். காற்றுப் புகாமல் சிற்றுண்ணி மூச்சடைத்துச் சாகும். பொருக்கும் இளகும்.

ஒரு முறை செய்துவிட்டு நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு தடவைக்கு எல்லாச் சிற்றுண்ணியும் சாகாது. வளையின் ஆழத்தில் இருப்பவை மீண்டும் பெருகும். ஆகவே சில நாள்களுக்கு ஒரு முறை எனக் குறைந்தது மூன்று, நான்கு வாரங்களாவது தொடர வேண்டும். ஒரு கோழிக்கு வந்திருந்தாலும் ஒன்றாக அடையும் எல்லாக் கோழிகளுக்கும் செய்ய வேண்டும்.

சிற்றுண்ணி செத்த பிறகும் கால் உடனே அழகாகிவிடாது. தூக்கிய செதில் விழுந்து புதுச் செதில் வரப் பல மாதங்கள் ஆகலாம். புதிய பொருக்குச் சேராமல் இருப்பதும், கோழி காலைக் கொத்துவதை நிறுத்துவதும் குணமாவதற்கான அடையாளம். நொண்டுதல், வீக்கம், இரத்தம், சீழ், கறுத்த விரல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு முறையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு சொட்டு மருந்தின் கணக்கு

மருத்துவர்கள் இந்த நோய்க்கு அதிகம் பயன்படுத்துவது ஐவர்மெக்டின். கோவிட் காலத்தில் பலர் காதிலும் விழுந்த பெயர்தான் இது. ஜப்பானிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து உருவான இந்த மருந்து 1981-இல் கால்நடைகளுக்காகச் சந்தைக்கு வந்தது. இதனைக் கண்டுபிடித்த சத்தோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சிற்றுண்ணிக்கு எதிராக இது நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் அளவில்தான் இருக்கிறது.

பறவைகளுக்கு வழக்கமாகக் கணக்கிடப்படும் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். இரண்டு கிலோ நாட்டுக்கோழிக்கு அது 0.4 மில்லிகிராம். கிளந்தானில் உருவான குட்டி இனமான செராமாவின் எடை 400 கிராம் என்றால் 0.08 மில்லிகிராம். 35 கிராம் எடையுள்ள பட்ஜிக்கோ வெறும் 0.007 மில்லிகிராம்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஒரு விழுக்காட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. சாதாரணமாக ஒரு சொட்டு என்பது 0.05 மில்லிலிட்டர். அதாவது ஒரு சொட்டில் 0.5 மில்லிகிராம். அந்த ஒரு சொட்டு பெரிய கோழிக்கு ஏறக்குறைய சரியான அளவாக இருக்கலாம். செராமாவுக்கு அது ஆறு மடங்கு. பட்ஜிக்கு எழுபது மடங்கு. “கோழிக்கு ஒரு சொட்டு விட்டேன், சரியாகிவிட்டது” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதே புட்டியிலிருந்து பட்ஜிக்கும் ஒரு சொட்டு விட்டால் நடக்கப்போவது என்ன என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். அளவு மீறினால் பறவை தள்ளாடும், மயங்கும், செத்தும் போகும். பெரிய விலங்குகளுக்கான ஊசி மருந்தில் கலந்துள்ள கரைப்பானே சிறு பறவைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு.

ஆகவே கூண்டுப் பறவைக்கு இந்த மருந்தை வீட்டில் அளந்து கொடுக்கவே கூடாது. மருத்துவர் பறவையை கிராம் கணக்கில் நிறுத்து, மருந்தை நீர்த்து, வாய் வழியாகவோ தோல் மேல் சொட்டாகவோ கொடுப்பார். வழக்கமாகப் பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் மீண்டும் கொடுக்கப்படும். முதல் தடவையிலேயே முகம் தெளிந்துவிட்டது என்று அடுத்த தடவைக்குப் போகாமல் இருந்தால் நோய் திரும்பிவிடும். அறிகுறி இல்லாத துணைப் பறவையையும் அதே கூண்டில் வைத்துக் கொண்டுபோவது நல்லது.

முட்டை, இறைச்சி, நேர்ந்துவிட்ட சேவல்

செல்லப் பறவைக்கும் வீட்டுக் கோழிக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, கோழி கொடுப்பது நம் தட்டுக்கு வருகிறது என்பதே. ஐவர்மெக்டின் முட்டையிலும் இறைச்சியிலும் தங்கும். முட்டையிடும் கோழிகளுக்கென இந்த மருந்து பல நாடுகளில் உரிமம் பெறவில்லை. மருத்துவர் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது, எத்தனை நாள் கோழியை அறுக்கக் கூடாது என்பதைக் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வேகவைத்தால் மருந்து போய்விடும் என்று நம்பக் கூடாது.

இது சிறிய விஷயமல்ல என்பதை 2017-இல் ஐரோப்பா கண்டது. நெதர்லாந்தில் கோழிப் பண்ணைகளில் செள்ளை ஒழிக்க, அனுமதியில்லாத ‘பிப்ரோனில்’ என்ற மருந்து பயன்படுத்தப்பட்டது தெரியவந்தபோது, பல நாடுகளில் மில்லியன் கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நாய், பூனைகளுக்கான பல தெள்ளுச் சொட்டு மருந்துகளில் இருப்பதும் அதே பிப்ரோனில்தான்.

முனீஸ்வரருக்கோ குலதெய்வத்துக்கோ நேர்ந்துவிட்டு மாதக்கணக்கில் வளர்க்கும் சேவல்களுக்கும் இது பொருந்தும். படையலுக்கு நாள் குறித்துவிட்ட குடும்பம், சிகிச்சை தொடங்கும் முன்பே அந்த நாளை மருத்துவரிடம் சொல்லிவிட்டால், அதற்கேற்ற முறையை அவர் தேர்ந்தெடுப்பார். மருந்தை மறைத்துவிட்டு அந்தச் சேவலைச் சமைத்துப் பலருக்குப் பரிமாறுவது பொறுப்பான செயலாகாது.

கூண்டும் கொட்டகையும்

மருந்து கொடுத்தும் நோய் திரும்பித் திரும்பி வந்தால் இருப்பிடத்தைக் கவனிக்க வேண்டும்.

கோழி அடையும் மரக்கட்டைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைக்கலாம். வெடிப்பு விழுந்த பழைய கட்டையை மாற்றிவிடுவது மேல். கூண்டுப் பறவையின் மரக்கிளைகளையும் கூட்டுப்பெட்டியையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வைப்பது எளிது. கூண்டின் அடியில் விரிக்கும் தாளைச் சிகிச்சைக் காலத்தில் தினமும் மாற்ற வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மழையில் கொட்டகைத் தரை காய்வதே அரிது. தரையைச் சற்று உயர்த்தி, மரத்தூளை அடிக்கடி மாற்றி ஈரமில்லாமல் வைத்திருந்தால் இந்த நோய் மட்டுமன்றிப் பாத வீக்கமும் குறையும்.

சந்தையிலோ இணையத்திலோ புதிதாக வாங்கும் பறவையின் காலையும் முகத்தையும் கைப்பேசி விளக்கில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பட்ஜிக்குத் தினையோடு கேரட், முருங்கைக்கீரை போன்றவற்றையும் கொடுத்துப் பழக்கினால் தோலும் எதிர்ப்புச் சக்தியும் பலப்படும்.

மனிதருக்குத் தொற்றுமா?

செதில்கால் சிற்றுண்ணி பறவைகளை நம்பி வாழ்வது. வளர்ப்பவர்களின் தோலில் அது குடியேறுவதில்லை. குழந்தைகள் கோழியைத் தொட்டுவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

பறவையால் வீட்டில் அரிப்பு வந்தால் அது பெரும்பாலும் இரத்தம் குடிக்கும் வேறு சிற்றுண்ணிகளின் வேலை. கோழிச் செள்ளும், வெப்ப நாடுகளில் காணப்படும் மற்றொரு கோழிச் சிற்றுண்ணியும் மனிதரைக் கடிக்கும். கூரையிலும் குளிர்சாதனப் பெட்டியின் இடுக்கிலும் மைனாவோ புறாவோ கூடு கட்டி, குஞ்சுகள் பறந்துபோன பிறகு, பசியோடு இருக்கும் இவை வீட்டுக்குள் இறங்கும். அங்கே செய்ய வேண்டியது காலியான கூட்டை அகற்றுவதுதான்.

எங்கே போவது? சட்டம் என்ன சொல்கிறது?

எல்லாக் கிளினிக்கிலும் பறவைகளைப் பார்ப்பதில்லை. ஆகவே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது அலைச்சலைக் குறைக்கும். செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பீடமும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. கோழி வளர்ப்பவர்கள் அந்தந்த வட்டாரக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தையும் அணுகலாம்.

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, வளர்க்கும் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை. விலங்கைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பதற்கு ஊராட்சி மன்ற விதிகள் உண்டு. கோலாலம்பூரில் மாநகர மன்றத்திடமும், கிள்ளானில் 2024 முதல் அரச மாநகரமாகிவிட்ட கிள்ளான் மன்றத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அண்டை வீட்டார் புகாருக்குப் பயந்து நோயுற்ற கோழியை ஒளித்து வைப்பதைவிட இது மேல்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். செதில்கால் நோய் கோழிகளைத் திடீரென்று சாகடிக்காது. ஓரிரு நாளில் பல கோழிகள் சாவது, முகம் வீங்கி நீலம் பாய்வது, மூச்சுத் திணறுவது போன்றவை தெரிந்தால் அது வேறு நோய். 2006-இல் கோம்பாக் வட்டாரத்திலும் 2007-இல் சுங்கை பூலோ, பாயா ஜாராஸிலும் பறவைக் காய்ச்சல் கிராமத்துக் கோழிகளிடையேதான் கண்டறியப்பட்டது. அத்தகைய கோழிகளைத் தொடாமல், அறுக்காமல், யாருக்கும் விற்காமல் கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை பார்க்க வேண்டியவை

- கால் செதில்கள் வழுவழுப்பாகப் படிந்திருக்கின்றனவா, தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா?
- விரல் இடுக்கில் வெள்ளைப் பொடியோ பொருக்கோ உண்டா?
- பட்ஜியின் அலகோரத்தில் துளைத் துளையான பொருக்கு உண்டா? அலகு நேராக இருக்கிறதா?
- பறவை இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நிற்கிறதா?
- தீனியும் எடையும் குறைந்திருக்கின்றனவா?

ஒரு பறவைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. விரலில் இரண்டு செதில் தூக்கியபோதே பார்த்துவிட்டால் ஒரு சிறு டப்பா வாஸ்லினும் நான்கு வாரப் பொறுமையும் கோழிக்குப் போதும். விரல் கறுத்த பிறகு பார்த்தால், போன விரலை எந்த மருந்தும் திருப்பித் தராது.